நான் இறங்காத தீர்த்தம்

"மிஸ், இந்தச் சாவிக்கொத்தோட ஒரு முழுக்கும் சேர்ந்து வருது."

எங்கள் சுத்திகரிப்பு நிலையத்தின் முதல் பொறுப்பதிகாரி மாற்றலாகிப் போன அன்று சாவியை என் கையில் தந்துவிட்டுச் சொன்னது இது. கழிவுநீரோடு மாரடிக்க வந்திருக்கும் பெண்ணிடம் மனிதர் பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் நீங்கள் ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருக்கிறீர்கள். பம்பு நின்றால் என்ன செய்வது, எந்த மீட்டரை எப்போது பார்ப்பது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நீங்கள் கணினியில் பார்ப்பதை நாங்கள் மூக்கால் பார்த்தோம், அவ்வளவுதான் வித்தியாசம். ஆகவே அந்த முழுக்கைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். ஒவ்வொரு ஆவணியிலும் உங்கள் பொறுப்பதிகாரி ஏன் உடுத்த உடுப்போடு வாவிக்குள் இறங்குகிறார் என்று உங்களில் யாரோ சிரித்ததாகக் கேள்விப்பட்டேன். சிரியுங்கள், தப்பில்லை. கதையைக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

நிலையம் கட்டும் பேச்சு எழுந்தபோது வாவியோரத்துச் சனம் முழுவதும் எதிர்த்து நின்றது. நகரத்துக் கழிவையெல்லாம் குழாய் வைத்துக் கொண்டுவந்து தங்கள் வாவியில் ஊற்றப் போகிறார்கள் என்று பயந்தார்கள். பயப்படாமல் என்ன செய்வார்கள்? அந்த வாவியில்தான் வலை வீசுகிறார்கள். பிள்ளைகளைக் குளிப்பாட்டுகிறார்கள். ஆவணியில் அம்மன் கோயில் தீர்த்தமும் அதே கரையில்தான். கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டு நம் ஆட்கள் வண்ணப் படங்களைக் காட்டி விளக்கினார்கள். எல்லாம் முடிந்த பிறகு பூரணம் என்ற பெண் எழுந்தாள். அவளிடம் தோணியும் இல்லை, வலையும் இல்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்று, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பவள். பகலில் பாதி நேரம் அவள் உடம்பு வாவிக்குள்தான் இருக்கும்.

"படமெல்லாம் வடிவாத்தான் கிடக்கு, சேர். அந்தத் தண்ணிக்குள்ள நீங்க இறங்குவீங்களா?"

முதல் பொறுப்பதிகாரி மேலிடத்தைக் கேட்கவில்லை, பக்கத்தில் இருந்தவரைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. "இறங்குவன்" என்றார்.

"எப்ப?"

"நீங்க சொல்லுற நாளில."

அவர்கள் தீர்த்த நாளைச் சொன்னார்கள். அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. தீர்த்தக் காலையில், சாமி கரைக்கு வருவதற்கு முன், நிலையத்தின் பொறுப்பதிகாரி வந்து வாவியில் ஒரு முழுக்குப் போட வேண்டும். அதைப் பார்த்த பிறகுதான் சனம் கால் நனைக்கும். சோதித்துப் பார்த்த தண்ணீருக்குத்தான் சாமியையே கொண்டுவருகிறோம் என்று கோயில் வண்ணக்கர் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். எங்கள் பக்கத்தில் கோயில் நிர்வாகத்தைப் பார்ப்பவரை அப்படித்தான் அழைப்போம்.

நான் மெதடிஸ்தக்காரி. முதல் வருடம் சேலை நனைந்து நடுங்கிக்கொண்டு வந்த கதை தேவாலயம் வரைக்கும் போய்விட்டது. "ஞானஸ்நானம் ஒருக்காத்தான் மகள். நீங்க வருசா வருசம் எடுக்கிறீங்களாமே" என்று போதகர் கேட்டார். நானும் சிரித்துவிட்டு வந்தேன். ஆனால் அந்த முழுக்கு எனக்குள் செய்த வேலை சிரிப்புக்குரியதல்ல. சித்திரையில் தொட்டிக்குக் காற்றூதும் இயந்திரத்தின் சத்தம் மாறினால்கூட ஆவணி நினைவுக்கு வரும். இந்தத் தண்ணீருக்குள் என் தலை போக வேண்டும் என்ற எண்ணத்தோடு வேலை செய்வது ஒரு மாதிரி, போகத் தேவையில்லை என்று செய்வது இன்னொரு மாதிரி.

இனி அந்த வருடத்துக்கு வருகிறேன்.

கச்சான் என்ற வறண்ட மேல்காற்று ஓயாமல் அடித்த வருடம் அது. மழை இல்லை. முகத்துவாரத்தை மண் மூடி, வாவி கடலோடு தொடர்பில்லாமல் அசையாது கிடந்தது. மாரியில் என்றால் நாம் விடும் தண்ணீரை வெள்ளம் இழுத்துக்கொண்டு போய்விடும். ஆவணியில் விட்டது விட்ட இடத்திலேயே நிற்கும். தீர்த்தக்கரையோ நமது வெளிக்குழாயிலிருந்து கூப்பிடு தூரம்தான்.

தீர்த்தத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது, காலையில் வாசற்கதவைத் திறந்ததுமே எனக்கு மணம் பிழையாகப் பட்டது. நம்முடைய காற்றுத் தொட்டி நன்றாக வேலை செய்தால் அதற்கு ஒரு மணம் உண்டு, உங்களுக்கும் இதற்குள் பழகியிருக்கும். முதல் மழை விழுந்த வட்டையில், அதாவது வயல்வெளியில், மண் மணப்பது போல இருக்கும். அன்று ஆஸ்பத்திரி வாசம் அடித்தது.

ஏறாவூர் நிஸ்தார்தான் அப்போது எனக்குக் கீழே இயந்திரங்களை இயக்குபவர். தொட்டியின் விளிம்பில் நின்றிருந்தார், தலையில் கை. உள்ளே மண்ணிறமாகப் பொங்க வேண்டிய தண்ணீர் சாம்பல் நிறத்தில் வெள்ளை நுரை கக்கிக்கொண்டிருந்தது.

"மிஸ், எல்லாம் மௌத்தாப் போச்சு" என்றார்.

கண்ணுக்குத் தெரியாத சின்னச் சீவன்கள்தான் கழிவைத் தின்று தண்ணீரைச் சுத்தமாக்குகின்றன. நாம் அவற்றுக்குக் காற்று கொடுக்கிறோம், பெயரை நாம் எடுத்துக்கொள்கிறோம். அந்தச் சீவன்கள் ஒரே இரவில் செத்துக் கிடந்தன. இனி வருகிற கழிவு வந்தபடியே வெளியே போகும்.

காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. திருவிழாவுக்கு மூன்று ஊர்ச் சனம் வரும் என்று கோயில் இளைஞர்கள் முதல்நாள் சிரமதானமாக ஊரைத் துப்புரவு செய்திருந்தார்கள். எங்கோ வயிற்றோட்டம் என்று கதை அடிபட்டதால், யாரோ ஒரு புண்ணியவான் குளோரின் பவுடரை வாளி வாளியாக அன்பளிப்புச் செய்திருந்தார். பையன்கள் அதைத் தற்காலிகக் கழிப்பறைகளுக்கும் தெரு மேன்ஹோல்களுக்கும் மனம்போல் கொட்டியிருக்கிறார்கள். ஊர் சுத்தமாக இருக்க வேண்டும் என்ற ஆசையில்தான். அந்தக் குழாய்கள் எல்லாம் எங்கே போய் முடிகின்றன என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கு வந்த கோபத்தை யாரில் போடுவது என்று தெரியாமல் நிஸ்தாரில் போட்டேன். பாவம் மனிதர், தேநீர் ஊற்றித் தந்தார்.

வாவிக்குத் தண்ணீர் விடும் வெளிக்கதவை உடனே அடைத்தோம். வருகிற தண்ணீரை, மழை வெள்ளத்தைத் தேக்க நிலையத்தில் வெட்டியிருந்த மழைக்காலக் குளத்துக்குத் திருப்பினோம். பிறகு பாசிக்குடாவில் ஹோட்டல் ஒன்றுக்குச் சொந்தமாக இருந்த சிறிய சுத்திகரிப்புத் தொட்டியின் பொறுப்பாளரைப் பிடித்தேன். உயிருள்ள கசடு கொஞ்சம் தாருங்கள், எங்களது செத்துவிட்டது என்று பிச்சை கேட்டேன். தயிருக்கு உறை கேட்பது போலத்தான். அவரும் மறுக்காமல் தந்தார், பவுசர் லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து ஊற்றினோம். ஆனால் உறை ஊற்றிய உடனே பால் தோயாதே. அது பிடித்து வளரக் கிழமைக் கணக்கு ஆகும்.

அன்று பின்னேரம் எங்கள் பிராந்தியப் பொறியியலாளர் தொலைபேசியில் வந்தார். கெட்ட மனிதர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

"கடைசித் தொட்டியில குளோரின் கூட்டிப் போட்டுத் திறந்து விடுங்க. பார்க்கத் தெளிவா இருக்கும். மணமும் வராது" என்றார்.

"தெளிவா இருந்தா சுத்தம் எண்டில்லையே, சேர். உள்ளுக்குக் கரைஞ்சி நிக்கிற அழுக்க அது எடுக்காது. கூட்டிப் போட்டா வாவியில இறால் குஞ்சும் சாகும்."

"எனக்கு விளங்குது. நீங்களும் விளங்கிக்கொள்ளுங்க. இது வெளியில போனா அந்தச் சனம் என்ன செய்யும்? மண்மூட்டை அடுக்கிக் குழாயை அடைச்சிப்போடுவாங்க. அப்பிடிச் செய்வம் எண்டு ஏற்கனவே சொன்னவங்கதான். அடைச்சா நகரத்துக் கழிவு முழுக்க எங்க போகும்? தெருவுக்குத்தான். தீர்த்தத்துக்கு வழமை போல போங்க, இறங்குங்க, ஏறுங்க. ரெண்டு கிழமையில எல்லாம் சரியாப் போகும்."

அவர் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதிதான் என்னைத் தூங்கவிடவில்லை. நிலையம் மூடப்பட்டால் வாவிக்கு அதைவிடப் பெரிய கேடு வரும். ஒரு முழுக்கு, ஒரு நிமிட நடிப்பு. யாருக்கும் ஒன்றும் ஆகாமலும் போகலாம். ஆகவும் கூடும். கைக்குழந்தைகளையும் கொண்டுவந்து முங்க வைப்பார்கள். சில பெண்கள் வேண்டுதலுக்கு ஒரு மிடறு குடிப்பார்கள். அதை நான் ஒவ்வொரு வருடமும் கண்ணால் கண்டிருக்கிறேன்.

அந்த மழைக்காலக் குளம், தீர்த்தம் முடியும்வரை தாங்கும் என்று கணக்குப் போட்டிருந்தோம். தாங்கினால் யாரிடமும் ஒன்றும் சொல்லத் தேவையில்லை என்று நானும் உள்ளுக்குள் ஆசைப்பட்டேன். வீட்டுக்கு வீடு விருந்தாளி வந்து தங்குவதை நாங்கள் கணக்கில் போதியளவு சேர்க்கவில்லை. தேர் ஓடிய அன்று, அதாவது தீர்த்தத்துக்கு முதல்நாள் பின்னேரம், குளக்கட்டில் நின்று நிஸ்தார் கூப்பிட்டார்.

"மிஸ், இன்னும் ஒரு சாண்தான் கிடக்கு!"

அவர் சொல்லி முடிக்கவில்லை, ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. கீழ்த்தளத்துக் குளியலறைகளில் கழிவுநீர் திரும்பி மேலே வருகிறதாம். பிரசவ வார்டு அந்தத் தளத்தில்தான் இருந்தது. பேசிய தாதி கத்தவில்லை. "மிஸ், இஞ்ச பச்சைப் பிள்ளைகள் கிடக்கு" என்று மட்டும் சொன்னாள்.

வெளிக்கதவின் சக்கரத்தை நானே திருகினேன். நிஸ்தார் கை கொடுக்க வந்தார், வேண்டாம் என்றேன். நாளைக்கு யாராவது யார் திறந்தது என்று கேட்டால் ஒரே ஒரு பெயர் இருக்கட்டும் என்று நினைத்தேன். தண்ணீர் போகும் சத்தம் கேட்டது. கோயில் ஒலிபெருக்கியில் தேர் வடம் பிடித்தவர்களுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நேரே வண்ணக்கர் வீட்டுக்குப் போனேன். வயதான மனிதர், தேருக்குப் பின்னால் நடந்த களைப்பில் கதிரையில் சாய்ந்திருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"குளோரின் போட்டது எங்கட பொடியன்மார் எண்டு எல்லாருக்கும் சொல்லப் போறீங்களா, மகள்?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

"இல்ல. தண்ணி பழுதாப் போச்சு எண்டு மட்டும் சொல்லுவன். தீர்த்தத்தக் கடல் பக்கம் மாத்தினா என்ன?"

"மாத்தேலா. பரம்பரையா வாவியிலதான் நடக்குது. அதோட, நீங்க வேதக்கார ஆள். உங்கட சொல்லக் கேட்டு நான் சாமிய வேற பக்கம் திருப்பினன் எண்டா, மறுகா இந்த ஊரில நான் இரிக்க ஏலுமா?" நெற்றியைத் தடவினார். "ஒண்டு சொல்லுறன். நாளைக்கு நீங்க வழமை போல கரைக்கு வாங்க. நீங்க இறங்கினா நாங்களும் இறங்குவம்."

பாரத்தை அவர் தூக்கி என் தலையில் வைத்துவிட்டார் என்று அப்போது எரிச்சலாக இருந்தது. இப்போது யோசித்தால், அவரால் செய்யக்கூடிய ஒரே நியாயமான காரியம் அதுதான்.

காலையில் கரைக்குப் போனபோது சனம் நெருக்கியடித்து நின்றது. எனக்கு வழிவிட்டார்கள். வருடா வருடம் விடுகிற வழிதான், சிலர் சிரித்துக்கொண்டு கும்பிட்டார்கள். பின்னால் பறைமேளத்தோடு சாமி வந்துகொண்டிருந்தது. தண்ணீர் கண்ணாடி போல் கிடந்தது. பார்வைக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. பிராந்தியப் பொறியியலாளரும் வெள்ளைச் சட்டையோடு வந்து எனக்குப் பக்கத்தில் நின்றார்.

"முழங்கால் அளவு போதும், மிஸ்" என்று மெல்லச் சொன்னார். "ஒரு நிமிசம். அவ்வளவுதான்."

உண்மையைச் சொல்கிறேன், என் கால் நகர்ந்தது. பழக்கம் அப்படி. விளிம்பு வரை போய் நின்றேன். செருப்பைக் கழற்றவில்லை. அங்கே முன்வரிசையில் பூரணம் நின்றாள், இடுப்பில் பேரப்பிள்ளை. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் செருப்பைத்தான் பார்த்தாள்.

"என்ன மிஸ், இறங்கலியா?"

"இல்ல."

"ஏன்?"

"தண்ணி சரியில்ல, பூரணம். எங்கட தொட்டி பழுதாப் போச்சு. நேத்துப் பின்னேரம் சுத்தம் செய்யாத தண்ணிய நான்தான் வாவிக்குள்ள திறந்து விட்டன். இண்டைக்கு நான் இறங்கமாட்டன். நீங்களும் ஒருத்தரும் இறங்காதீங்க."

பின்னால் நின்றவர்களுக்குக் கேட்கவில்லை. ஆனால் நான் நனையாமல் நிற்பது எல்லோருக்கும் தெரிந்தது. பேச்சு ஒவ்வொரு வரிசையாக அடங்கிக்கொண்டே போனது. மேளமும் நின்றது.

பிறகு கூச்சல் வெடித்தது. இதற்குத்தானா நிலையம் கட்டினீர்கள் என்று ஒருவன் கத்தினான். குழாயை அடைப்போம் என்று இளைஞர்கள் சிலர் திரும்பினார்கள். நானும் குரலை உயர்த்தினேன்.

"அடைக்கிறதெண்டா அடைங்க! ஆனா அடைக்க முதல் ஆஸ்பத்திரிக்குப் போய், நேத்துப் பிள்ளை பெத்து அங்க கிடக்கிறவங்களக் கேட்டுட்டு அடைங்க. அடைச்ச தண்ணி அவங்கட கட்டிலுக்குக் கீழதான் வரும். அதனாலதான் திறந்தன்."

யார் பழுதாக்கியது என்று ஒரு குரல் கேட்டது. அந்தப் பையன்களில் ஒருவன் எனக்கு நேரே நின்றான். முகம் வெளிறிப் போயிருந்தது, அவனுக்கு விளங்கிவிட்டது. நான் அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை. பொறுப்பதிகாரி என்று என்னைத்தானே அழைக்கிறார்கள்.

வண்ணக்கர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். என்னைப் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்த்தார். திரும்பி, சாமி தூக்கியவர்களிடம் சொன்னார்:

"கடலுக்குத் திருப்புங்க."

வாவிக்கும் கடலுக்கும் நடுவில் எங்கள் ஊர் ஒடுங்கலான நிலம்தான். மேளம் மறுபடி எழுந்தது, சாமி தெருவைக் கடந்தது, சனம் முணுமுணுத்துக்கொண்டு பின்னால் போனது. பொறியியலாளர் வாகனத்தில் ஏறினார். விசாரணை வந்தது. எனக்குக் கிடைக்க இருந்த பதவி உயர்வு கிடைக்கவில்லை. அதைப் பற்றி எனக்கு இன்றும் கோபம் உண்டு, இல்லை என்று பெருந்தன்மை காட்ட மாட்டேன்.

எல்லோரும் போன பிறகு பூரணம் மட்டும் கரையில் நின்றாள்.

"மறுகா நான் எங்க போய் இறால் தடவுற?" என்று கேட்டாள்.

"தெரியா" என்றேன்.

"எத்தின நாளைக்கு?"

"அதுவும் தெரியா. சரி வந்த அண்டைக்கு நானே வந்து சொல்லுறன்."

"நீங்க சொல்லுவீங்க!" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். அந்தச் சொல்லில் இருந்த கசப்பு என்னோடு கனநாள் இருந்தது.

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு நாள் இது வரும். இதே மாதிரி வராது, வேறு வேடத்தில் வரும். பக்கத்தில் ஒரு நல்ல மனிதர் நின்று, நியாயமான குரலில், முழங்கால் அளவு போதும் என்பார். அவர் சொல்வதில் பாதி உண்மையாகவும் இருக்கும். அந்த நேரத்தில் யோசிக்கத் தொடங்கினால் காலம் போதாது. யார் அந்தத் தண்ணீருக்குள் நிற்கிறார்கள் என்பதை அதற்கு முன்னமே, சும்மா இருக்கிற நாட்களிலேயே போய்ப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பெயரோடு தெரிந்து வைத்திருங்கள். என்னால் சொல்லக்கூடியது இவ்வளவுதான்.

பாசிக்குடா உறை பிடித்தது. முதலில் நுரை அடங்கியது, பிறகு நிறம் திரும்பியது. நிஸ்தார் ஒரு நாள் காலையில் தொட்டியோரம் நின்று மூக்கை உறிஞ்சிவிட்டு, "வட்டை மணக்குது மிஸ்" என்றார். நான் அதை நம்பி ஓடவில்லை. நமது தண்ணீரையும் வாவித் தண்ணீரையும் திரும்பத் திரும்பப் பரிசோதித்து, முடிவுகள் சரியாக வரும்வரை பொறுத்திருந்தேன். பூரணம் அந்த நாட்களில் யார் வீட்டிலோ மா இடித்துக் கொடுத்துக் காலம் தள்ளினாள் என்று அறிந்தேன்.

சரி என்று உறுதியான அன்று, வேலைக்குப் போகும் வழியில் அவளுக்குச் சொல்லியனுப்பிவிட்டுக் கரையில் காத்திருந்தேன். சொன்னால் நம்பமாட்டாள், இறங்கிக் காட்ட வேண்டும் என்று தயாராகத்தான் போயிருந்தேன். கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தாள். தூரத்திலேயே நின்றாள்.

"இறங்கலாமா, மிஸ்?"

"ஓம். இண்டைக்கு இறங்கலாம்."

செருப்பைக் கழற்றிவிட்டு, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகக் குனிந்தேன். நிமிர்வதற்குள் பக்கத்தில் தண்ணீர் சலசலத்தது. பார்த்தால் அவள் இடுப்பளவு ஆழத்துக்குப் போய்விட்டாள். கை ஏற்கனவே சேற்றுக்குள் இருந்தது.

"சீலைய நனைக்காதீங்க" என்றாள், என்னைத் திரும்பிப் பார்க்காமலே. "நீங்க வேலைக்குப் போங்க, மிஸ்."